கொண்டைக்கடலைத் தண்ணீரில் மக்ரூன்: ஒரு மார்கழி விற்பனையின் கணக்கு

மக்ரூனுக்கு முட்டையே வேண்டாம், கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர் போதும் என்று என் தங்கை மகள் சொன்னதும், அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவது. "அந்தத் தண்ணிய ரசத்துல ஊத்துவோம்த்தா. இல்லாட்டி செடிக்கு ஊத்துவோம். அதுல எப்பிடி முட்டாயி?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். பதினோரு நாள் கழித்து அவரே பீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பதினோரு நாளில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். கெட்டுப்போன ஈடுகளையும் சேர்த்தே எழுதுகிறேன். இனி செய்பவர்களுக்கு அதுதான் உதவும்.

2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், உள்ளே இருந்தவர்கள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். ஏரல் பக்கம் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்களுக்கு இரண்டு நாள் போனே போகவில்லை. மூன்றாம் நாள் பேசியபோது, ஆள் எல்லாம் நலம், வீட்டில்தான் ஒன்றுமில்லை என்றார்கள். இங்கே மதுரையில் எங்கள் மொட்டை மாடி நனைந்ததோடு சரி. 150 கிலோமீட்டருக்குள் இருந்துகொண்டு டிவியில் பார்ப்பது ஒரு மாதிரியாக இருந்தது.

பெங்களூரில் படிக்கிற தங்கை மகள் விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒன்றரை வருடமாக அவள் வீகன். பால், தயிர், நெய், தேன் எதுவும் தொடமாட்டாள். அவள்தான் பேச்சைத் தொடங்கினாள். வீகன் பேக் சேல் போடலாம் பெரியம்மா, வருகிற காசை வெள்ள நிவாரணத்துக்குக் கொடுக்கலாம் என்றாள். 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது அமெரிக்காவில் பல ஊர்களில் இப்படி வீட்டில் செய்த கேக், பிஸ்கட் விற்றுப் பணம் அனுப்பினார்களாம். பக்கத்து வீட்டு டீச்சர் இதைக் கேட்டுவிட்டு, "இதுல என்ன புதுசு? எங்க சர்ச்ல அறுப்பின் பண்டிகைக்கு வருசா வருசம் நடக்குறதுதானே" என்றார். அதுவும் சரிதான். ஏலம் விடுவது மட்டும்தான் எங்களிடம் இல்லை.

பேக் செய்வதில் எனக்குப் பெரிய அனுபவம் கிடையாது. பகலெல்லாம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவள். வீட்டில் 30 லிட்டர் ஓடிஜி, அதாவது கேக் சுடுகிற மின் அடுப்பு ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது பிறந்தநாள் கேக் போட்டதோடு அது மூலைக்குப் போய்விட்டது. டீச்சரின் தங்கை வீட்டிலிருந்தே கேக் விற்பவர், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்திருப்பவர். சிறு வியாபாரம் என்றால் அப்போது வருடத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம், ஆனால் ஒருநாள் கடை போட்டாலும் அந்தப் பதிவு வேண்டும். அதனால் அவரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டோம். அவர் வீட்டு ஓடிஜியையும் சேர்த்தால் இரண்டு அடுப்பு ஆயிற்று.

என்ன செய்வது என்பதில் சண்டையே இல்லை. தூத்துக்குடிக்காகச் செய்வதென்றால் மக்ரூன்தான். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு என்று மூன்றே பொருளில் கூம்பாக நிற்கிற அந்த மக்ரூனைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கம் இல்லை. மூன்றில் ஒரு பொருள் முட்டை. அதை எடுத்துவிட்டு மக்ரூன் என்று சொல்லலாமா என்று நான் கேட்டதற்குத்தான் கடலைத் தண்ணீர் பதிலாக வந்தது.

இது கட்டுக்கதையில்லை. 2014-ல் ஜோயல் ரோசெல் என்கிற பிரெஞ்சுக்காரர் பயறு வெந்த தண்ணீரை அடித்தால் நுரைத்து நிற்கிறது என்று கண்டார். மறு வருடம் அமெரிக்காவில் கூஸ் வோல்ட் என்பவர் அதற்கு அக்வாஃபாபா என்று பெயர் வைத்தார். லத்தீனில் அக்வா தண்ணீர், ஃபாபா அவரை. கடலை வேகும்போது அதிலிருந்து கொஞ்சம் புரதம், கொஞ்சம் மாவுச்சத்து, இன்னும் சில சத்துகள் தண்ணீரில் இறங்குகின்றன. அவைதான் காற்றைப் பிடித்து நுரையாக நிறுத்துகின்றன. சுண்டல் குக்கரைத் திறந்ததும் விசில் பக்கம் சோப்பு நுரை மாதிரி ஒட்டியிருக்குமே, அதே சங்கதிதான்.

முதல் ஈடு, டிசம்பர் 20 ராத்திரி. வீட்டில் இருந்தது கருப்புக் கொண்டைக்கடலை. ஊறவைத்து, உப்பில்லாமல் வேகவைத்து, தண்ணீரை வடித்தோம். தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. அப்படியே பாத்திரத்தில் ஊற்றிப் பீட்டரைப் போட்டோம். பத்து நிமிடம் ஆகியும் மேலே குளியல் நுரை, கீழே தண்ணீர். சர்க்கரையையும் முந்திரிப்பொடியையும் சேர்த்ததும் இருந்த நுரையும் உட்கார்ந்துவிட்டது. விடாமல் தட்டில் ஊற்றி ஓடிஜிக்குள் வைத்தோம். வெளியே வந்தது கூம்பு இல்லை, பழுப்பு நிறத்தில் ஒரு அப்பளம். அத்தை உடைத்து வாயில் போட்டுப் பார்த்து, "கடலமிட்டாய்னு வித்துரலாம்" என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் கணக்குப் பார்த்த நேரத்தைவிட இதைப் பற்றிப் படித்த நேரம்தான் அதிகம். மூன்று தப்பு என்று தெரிந்தது. முதல் தப்பு, தண்ணீர் நீர்த்துக்கிடந்தது. வடித்ததை அடுப்பில் வைத்துச் சுண்டவிட வேண்டும். விரலில் தொட்டால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று இழுக்கிற பதம் வரும். அப்புறம் ஃப்ரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிரவைக்க வேண்டும். இரண்டாவது, பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. எங்கள் வீட்டில் எண்ணெய் படாத பாத்திரம் எது? எவர்சில்வர் குண்டானை எலுமிச்சை மூடியால் தேய்த்துக் கழுவித் துடைத்துக் காயவைத்தேன். மூன்றாவது முந்திரி. மிக்ஸியில் நிறுத்தாமல் ஓட்டினால் முந்திரி எண்ணெய் விட்டுவிடும். அந்த எண்ணெய் நுரைக்கு எமன். விட்டுவிட்டு நாலு சுற்று, மொத்தமே பத்து விநாடி, ரவை பதம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாவது ஈட்டுக்கு வெள்ளைக் கொண்டைக்கடலை வாங்கினோம். அரைக் கிலோ கடலைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், வெந்த பிறகு ராத்திரி முழுக்க அந்தத் தண்ணீரிலேயே கிடந்தது. காலையில் வடித்துச் சுண்டவைத்து 200 மில்லி எடுத்தோம். இந்தத் தடவை பீட்டர் போட்ட ஐந்தாம் நிமிடமே வெளுத்தது. அரை எலுமிச்சைச் சாறு விட்டு, பொடித்த சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து இன்னும் பத்து நிமிடம். கடைசியில் குண்டானைத் தலைகீழாகக் கவிழ்த்தும் விழவில்லை. தங்கை மகள் அதைத் தன் தலைக்கு மேலேயே கவிழ்த்துக் காட்டினாள். எனக்குத்தான் நெஞ்சு படபடத்தது. வெள்ளை வெளேரென்று, பளபளவென்று, முட்டை நுரைக்கும் இதற்கும் பார்வைக்கு வித்தியாசமே இல்லை. கடலை வாசனை மட்டும் இருந்தது. ஏலக்காய் போட்டோம். வெந்து காய்ந்த பிறகு அந்த வாசனையும் போய்விட்டது.

கோனில் நிரப்பி அழகாகக் கூம்பு கூம்பாகப் பிழிந்து உள்ளே வைத்தோம். இருபது நிமிடத்தில் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லாம் மெழுகுவர்த்தி மாதிரி உருகி ஓடிக்கொண்டிருந்தன.

இங்கேதான் ஒரு நாள் முழுக்க வீணானது. நுரையில் தப்பு, சர்க்கரையில் தப்பு என்று மாற்றி மாற்றிப் பழி போட்டோம். உண்மையான குற்றவாளி ஓடிஜியின் திருகு. 110-ல் வைத்திருக்கிறோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். டீச்சரின் தங்கை தன் அடுப்பு வெப்பமானியைக் கொண்டுவந்து உள்ளே தொங்கவிட்டதும், திருகு 110 காட்டுகிறது, உள்ளே 140 ஓடுகிறது! முட்டை என்றால் இந்தச் சூட்டைத் தாங்கியிருக்கும். வெள்ளைக்கருவில் பத்தில் ஒரு பங்கு புரதம், சூடு பட்டதும் அது இறுகி உருவத்தைப் பிடித்துக்கொள்ளும். கடலைத் தண்ணீரில் புரதம் சொற்பம், இறுகாது. சர்க்கரை காய்ந்து நின்றால்தான் உண்டு. அதனால் இதை வேகவைக்கிறோம் என்று நினைக்கவே கூடாது, காயவைக்கிறோம். திருகை 80-க்கும் கீழே இறக்கி, மேல் கம்பியை அணைத்து, கீழ்க் கம்பி மட்டும் ஓடவிட்டு, வெப்பமானி 100-க்கும் 110-க்கும் நடுவில் நிற்கும்படி பார்த்துக்கொண்டோம். ஒன்றரை மணி நேரம். பிறகு அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் இன்னும் ஒரு மணி நேரம்.

இந்தக் கடைசி ஒரு மணி நேரம் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை, மின்வெட்டு சொல்லிக்கொடுத்தது. 26-ஆம் தேதி சாயங்காலம் பாதியில் கரண்ட் போய்விட்டது. எல்லாம் போச்சு என்று கதவைக்கூடத் திறந்து பார்க்காமல் டீ குடிக்கப் போய்விட்டோம். கரண்ட் வந்து திறந்து பார்த்தால், தட்டில் நாற்பத்தைந்து கூம்பும் நின்றபடி நிற்கின்றன. தட்டினால் டொக் என்கிறது. பட்டர் பேப்பரிலிருந்து தானாகக் கழன்று வருகிறது.

அளவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுண்டிய கடலைத் தண்ணீர் 100 மில்லி, பொடித்த சர்க்கரை 180 கிராம், முந்திரி ரவை 120 கிராம், எலுமிச்சைச் சாறு அரை ஸ்பூன். முந்திரியை இதற்கு மேல் கூட்டினால் கூம்பு படுத்துவிடும். நாங்கள் 150-க்குப் போய்ப் பார்த்துப் பட்டோம்.

இன்னொரு எதிரி காற்று. மழை ஈரம் அடங்காத நாட்கள். திறந்து வைத்த அரை மணி நேரத்தில் மொறுமொறுப்பு போய், கையில் ஒட்ட ஆரம்பித்தது. அத்தை எழுந்து போய் பெரிய எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து, அடியில் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு, மேலே பேப்பர் விரித்து மக்ரூனை அடுக்கச் சொன்னார். முறுக்கு சீடைக்கு அவர் செய்கிற வேலை. நான்கு நாள் தாங்கியது. அன்றிலிருந்து அத்தை எங்கள் கட்சி.

மற்ற பண்டங்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. வாழைப்பழ கேக் யாரும் செய்யலாம். பழ மண்டியில் தோல் கருத்துப்போன பழத்தைப் பாதி விலைக்குத் தள்ளுவார்கள், அதுதான் கேக்குக்கு நல்லது. முட்டைக்குப் பதில் பழம், மோருக்குப் பதில் வினிகர், வெண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய், இனிப்புக்கு நாட்டுச்சர்க்கரை. ஒரே ஒரு விஷயம். வினிகரும் சமையல் சோடாவும் சந்தித்த அந்த நிமிடமே பொங்க ஆரம்பித்துவிடும், யாருக்காகவும் காத்திருக்காது. நாங்கள் மூன்று டின்னுக்கு மொத்தமாகக் கலந்து வைத்தோம். முதல் டின் உப்பி வந்தது. அரை மணி நேரம் கழித்து உள்ளே போன மூன்றாவது டின் செங்கல்லாக வந்தது. அதற்கப்புறம் மாவு தனி, ஈரக் கலவை தனி, அடுப்பு காலியானதும் ஒரு டின்னுக்கு மட்டும் சேர்ப்பது என்று வைத்துக்கொண்டோம்.

தேங்காய் பிஸ்கட்டில் வெண்ணெய்தான் சிக்கல். பேக்கரிச் சாமான் கடையில் வாங்கிய மார்ஜரின் டப்பாவின் பின்பக்கத்தைத் தங்கை மகள் படித்துவிட்டு, இதில் பால் திடப்பொருள் இருக்கிறது என்று ஒதுக்கிவைத்தாள். மார்ஜரின் என்றாலே பால் இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். மிச்சம் தேங்காய் எண்ணெய்தான். ஆனால் மதுரையில் தேங்காய் எண்ணெய் எப்போது உறைந்திருக்கிறது? மார்கழி விடியற்காலையில்தான். பாட்டிலுக்குள் அடியில் வெள்ளையாக, மேலே பனி மூடியது மாதிரி நிற்கிற அந்த நேரத்தில், ஐந்து மணிக்கே சர்க்கரையோடு சேர்த்துத் தேய்த்து மாவு பிசைந்துவிட வேண்டும். ஒன்பது மணிக்குப் பிசைந்த மாவில் எண்ணெய் தனியாக வழிந்து, பிஸ்கட் எல்லாம் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. உருட்டிய உருண்டையைக் கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் இன்னும் உத்தமம்.

நான்காவது பண்டம் எங்கள் பட்டியலிலேயே இல்லை. 23-ஆம் தேதி வைகுண்ட ஏகாதசி. அத்தை விரதம். மறுநாள் காலையில் விரதம் முடித்துவிட்டுத் தெரு முனை வண்டியில் பருத்திப்பால் வாங்கிவரச் சொன்னார். ஒரு டம்ளரைத் தங்கை மகளிடமும் நீட்டினார். "பாட்டி, நான் பால் குடிக்க மாட்டேன்ல" என்றாள் அவள். "ஏத்தா, இதுல எங்க பாலு? பருத்திக்கொட்டைய ஆட்டிப் பிழிஞ்சது. தேங்காப்பூ, கருப்பட்டி, சுக்கு, ஏலம். மாட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மாடு அந்தக் கொட்டையத் திங்கும், அம்புட்டுத்தான்." அவள் வாயில் வைத்தவள் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. பெங்களூரில் ஓட்ஸ் பாலுக்கு லிட்டருக்கு முந்நூறு கொடுக்கிற பிள்ளை. தெருத்தெருவாகத் தள்ளுவண்டியில் செடிப்பால் விற்கிற ஊரில் உட்கார்ந்து நாங்கள் சோயாவை ஆட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம்.

அப்படித்தான் பருத்திப்பால் கேக் பிறந்தது. 200 கிராம் பருத்திக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து, நாலு தண்ணீரில் அலசி, கிரைண்டரில் ஆட்டி, வேட்டித்துணியில் மூன்று முறை பிழிந்தால் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பால் வரும். பச்சையாகப் பயன்படுத்தக் கூடாது. அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே கொதிக்கவிட்டு, பச்சை வாசனை போன பிறகுதான் இறக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை, விதைக் கடையில் விதைப்புக்கு விற்கிற கொட்டையை வாங்கிவிடாதீர்கள், அதில் மருந்து கலந்திருக்கும். சமையலுக்கு என்று கேட்டு வாங்குங்கள். கருப்பட்டிக்கு உடன்குடி. அதுவும் தூத்துக்குடி மாவட்டம்தான், 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த சரக்கு. கருப்பட்டியைக் காய்ச்சி மண் போக வடிகட்டி, ஆறிய பருத்திப்பாலில் கலந்து, மைதாவும் கொஞ்சம் கோதுமை மாவும் சேர்த்து, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டு, மற்றபடி வாழைப்பழ கேக் மாதிரியேதான். கருகருவென்று வந்தது. விற்பனை அன்று பாதிக் குழந்தைகள் சாக்லேட் என்று நினைத்தே வாங்கினார்கள். சுக்கு காரம் தெரிந்த பிறகும் ஒன்றும் சொல்லவில்லை.

பண்டம் ரெடி. அடுத்தது போர்டு.

தங்கை மகள் கம்ப்யூட்டரில் பச்சை நிறத்தில் இலையெல்லாம் போட்டு "வீகன் பேக் சேல்" என்று ஒன்று செய்தாள். சோதனைக்கு எதிர் அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணனிடம் காட்டினோம். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "வேகன்னா கூட்ஸ் வண்டிதானேம்மா?" என்றார். சரி, "பால், முட்டை சேர்க்காதது" என்று மாற்றினோம். அதைப் படித்த டீச்சருக்கு, ஏதோ ஆஸ்பத்திரிப் பத்தியச் சாப்பாடு மாதிரி இருந்ததாம். இல்லாததை எல்லாம் பெருமையாகச் சொல்ல ஒரு வழி வேண்டும். அதை அத்தைதான் கொடுத்தார். விடியற்காலையில் பெருமாள் கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை ஓடிக்கொண்டிருந்தது. "இதத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி அப்பவே சொல்லிட்டாளே" என்றார். இரண்டாம் பாசுரம். மார்கழி நோன்புக்கு எதையெல்லாம் விடுவோம் என்கிற பாட்டு. காயல்பட்டினத்தில் அந்த மழை பதிவான டிசம்பர் 18, மார்கழி இரண்டாம் நாள், அந்தப் பாசுரத்துக்கு உரிய நாள்தான். போர்டில் பெரிய எழுத்தில் "நெய்யுண்ணோம் பாலுண்ணோம்" என்று எழுதினோம். அதற்குக் கீழே சின்னதாக "முட்டையும் இல்லை". அதற்கும் கீழே "தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ள நிவாரணத்துக்காக". முந்திரி, கோதுமை, எள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக ஒவ்வொரு பெட்டியின் மேலும் சேர்மானத்தை ஒட்டினோம்.

டிசம்பர் 31, ஞாயிற்றுக்கிழமை. ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் பக்கத்தில் என் தோழியின் வீடு, கேட்டுக்கு உள்பக்கம் நல்ல காலியிடம். பொது இடத்தில் போட்டால் மாநகராட்சியில் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு நாள் இல்லை. காலை ஐந்தரைக்கு மேஜை போட்டுவிட்டோம். வாக்கிங் போகிறவர்கள்தான் வாடிக்கையாளர்கள் என்று திட்டம்.

திட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. வாக்கிங் போகிறவர்களில் பாதிப் பேர் டாக்டர் சொல்லி நடக்கிறவர்கள். வந்து போர்டைப் படிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், கேக்கைப் பார்க்கிறார்கள், "எனக்கு சுகர் இருக்கும்மா" என்கிறார்கள். முதல் அரை மணி நேரத்தில் பத்துப் பேர் இப்படி. அப்போதுதான் சுண்டல் காப்பாற்றியது. மக்ரூனுக்குத் தண்ணீர் எடுத்தால் கடலை மிஞ்சுமே! ஒரு வாரமாக எங்கள் வீட்டில் காலை, மாலை, டிபன் பாக்ஸ் எல்லாம் கொண்டைக்கடலைதான். கடைசி இரண்டு கிலோவையாவது வெளியே தள்ளுவோம் என்று அத்தை விடியற்காலையில் கடுகு, வரமிளகாய், தேங்காய், மாங்காய் போட்டுத் தாளித்துத் தூக்கில் கொண்டுவந்திருந்தார். தூக்கைத் திறந்ததும் வாசம் ரோடு வரைக்கும் போனது. ஏழு மணிக்குள் சுண்டல் காலி. பக்கத்தில் அடுப்பில் சூடாக இருந்த பருத்திப்பாலும் ஐம்பது டம்ளர் போனது. மாலை போட்டிருந்த ஐயப்பசாமிகள் நாலு பேர், முட்டை இல்லை என்பதை இரண்டு தடவை கேட்டுவிட்டு, வாழைப்பழ கேக்கை முழு டின்னாகவே வாங்கிப்போனார்கள். "பால்ல என்ன சாமி தப்பு?" என்று ஒருவர் கேட்டார். தங்கை மகள் கன்றுக்குட்டியில் ஆரம்பித்து ஐந்து நிமிடம் பேசினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க சாமி, ஊருக்குப் போயி யோசிக்கிறேன்" என்று இன்னும் இரண்டு பாக்கெட் பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

பால் இல்லை என்பதற்காகவே வந்தவர் ஒரே ஒருவர். ஐந்து வயதுப் பையனின் அம்மா. பையனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடிப்பு வந்துவிடும். டின்னில் நெய் தடவினீர்களா, அந்தக் கரண்டி வேறு எதிலாவது பட்டதா, ஓடிஜியில் முன்னால் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். டின்னைச் சோடா போட்டுக் கழுவியதையும், ஓடிஜியில் போன வருடம் வெண்ணெய் பிஸ்கட் போட்டதையும் உள்ளபடி சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பருத்திப்பால் மட்டும் வாங்கினார். அவர் செய்ததுதான் சரி. அடுத்த தடவை இதற்கென்று தனித் தட்டு, தனிக் கரண்டி வாங்கிவிட வேண்டும் என்று அங்கேயே குறித்துக்கொண்டேன்.

மக்ரூனுக்கான தீர்ப்பு எட்டு மணிக்கு வந்தது. அறுபது வயதுக்காரர், சொந்த ஊரே தூத்துக்குடியாம். ஒன்றை எடுத்துக் கூம்பு நுனியைக் கடித்தார். கண்ணை மூடினார். நாங்கள் நாலு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். "உள்ள கொஞ்சம் சவ்வுனு இருக்கணும். இது முழுக்க மொறுமொறுனு போயிருச்சு. முந்திரியும் பத்தல" என்றார். பிறகு, "முட்டை வாடை இல்ல, அது நல்லாத்தான் இருக்கு. ஆனா மக்ரூன்னு போட்டிருக்கீங்களே, அது தப்பு" என்றார். நாலு பெட்டி வாங்கினார். அவர் சொன்னது முழுக்க நியாயம். பெயர் அட்டையில் மக்ரூனுக்கு முன்னால் "கடலைத் தண்ணி" என்று பேனாவால் சேர்த்தேன். அதற்கப்புறம் அது என்னவென்று கேட்கவே கூட்டம் நின்றது, விற்பனையும் கூடியது.

சாப்பிடாதவர்கள் பணம் போட ஒரு உண்டியல் வைத்திருந்தோம். பாதிப் பேர் உண்டியலில் போடவில்லை. கையில் நோட்டை வைத்துக்கொண்டு, "எழுதிக்கங்க" என்று பேரும் ஊரும் சொன்னார்கள். மொய் எழுதியே பழகிய ஊர். தோழி உள்ளே ஓடிப்போய் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துவந்து முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிக் கொடுத்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர் 500 ரூபாய் கொடுத்து, நான் எழுதுவதை எட்டிப்பார்த்து இன்ஷியலைத் திருத்தினார். நான் கணக்கு வேலை பார்ப்பவள் என்பதால் விற்பனையையும் அதே நோட்டின் பின்பக்கத்தில் கோடு கிழித்தே எண்ணினேன்.

கணக்கு இது. மக்ரூன் 28 பெட்டி 1,680. வாழைப்பழ கேக் 82 துண்டு 2,050. பருத்திப்பால் கேக் 40 துண்டு 1,200. பிஸ்கட் 37 பாக்கெட் 1,850. பருத்திப்பால் 50 டம்ளர் 1,000. சுண்டல் 44 கப் 880. ஆக விற்பனை 8,660. மொய்யும் உண்டியலுமாகச் சேர்ந்து 9,445. மொத்தம் 18,105 ரூபாய். சாமான் செலவு, வீணான ஈடுகள் உட்பட 4,870. அதை நான்கு வீட்டுக்காரர்களும் பங்கிட்டுக்கொண்டோம், வந்த பணத்தில் தொடவில்லை. என் வீட்டுக்காரர், பேசாமல் அந்த 4,870-ஐயே அனுப்பியிருக்கலாமே என்றார். கணக்கைக் காட்டினேன். அப்புறம் பேசவில்லை.

பணத்தை எங்கே கொடுப்பது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். ஏரல் சொந்தக்காரர்களிடம் கேட்டபோது, பிரெட்டும் பிஸ்கட்டும் முதல் வாரத்திலேயே மலையாகக் குவிந்துவிட்டது, இனிமேல் தின்கிற சாமான் அனுப்பாதீர்கள் என்றார்கள். பாத்திரம் பாயாக வாங்கி அனுப்பலாம் என்று தங்கை மகள் சொன்னாள். ஆனால் முகம் தெரியாத இத்தனை பேர் நோட்டில் பேர் எழுதிக் கொடுத்த பணம், எல்லோருக்கும் காட்டுகிற மாதிரி ஒரு ரசீது வேண்டும். ஜனவரி 1-ஆம் தேதி காலையில் முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கு ஆன்லைனில் மொத்தமாகக் கட்டினேன். ரசீதையும் கணக்குத் தாளையும் பிரின்ட் எடுத்துத் தோழி வீட்டு கேட்டில் ஒட்டினோம்.

மூன்றாம் நாள் தோழி போன் செய்தாள். அந்த 500 ரூபாய்க்காரர் கேட்டில் நின்று கணக்கை வரிவரியாகப் படித்துவிட்டு, நோட்டைக் காட்டச் சொல்லி, பின்பக்கத்துக் கோடுகளை விரல் வைத்து எண்ணியிருக்கிறார். சுண்டலுக்கு 45 கோடு இருக்கிறது, தாளில் 44 என்று போட்டிருக்கிறீர்கள், 20 ரூபாய் எங்கே என்று கேட்கிறாராம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பணப்பெட்டி, உண்டியல், மேஜைத்துணி எல்லாம் உதறிப் பார்த்தாயிற்று. ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, அவிழ்த்து, இரண்டு பத்து ரூபாய் நோட்டை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"உப்பு சரியா இருக்கான்னு பாத்தேன்த்தா. ஒரு கப்புதான்."